காரீய அசிட்டேட்: தோல் பகுதியின் ஆய்வக மேசையிலிருந்து லாங் பஜார் வரை

முன்னுரை

வேலூரின் லாங் பஜாரும் அதை ஒட்டிய மண்டித் தெருவும் சுற்று வட்டார ஊர்களுக்கு மளிகை போகும் வாசல்கள். விரலி மஞ்சள், குங்குமம், கற்பூரம், நாட்டு மருந்துச் சரக்கு எல்லாம் இங்கே மூட்டையாக இறங்கிப் பொட்டலமாகப் பிரிகின்றன. இந்தக் கடைத்தெருவுக்குக் கிழக்கே ராணிப்பேட்டை, மேல்விஷாரம். மேற்கே பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. இவை நூறாண்டுக்கு மேலாகத் தோல் பதனிட்டு வாழும் ஊர்கள். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் பாலாறும் தோலும் இவற்றை ஒரே பகுதியாகவே வைத்திருக்கின்றன.

இக்கட்டுரை இப்பகுதியின் வரலாற்றை ஒரு வேதிப்பொருளின் வழியே படிக்க முயல்கிறது. காரீய அசிட்டேட் என்பது கல்லூரி ஆய்வகத்தின் நச்சு அலமாரியில் இருக்கும் வெண்ணிறப் படிகம். (இக்கட்டுரையில் பேசப்படுவது காரீயம் மட்டுமே, பாத்திரங்களுக்குப் பூசும் வெள்ளீயம் வேறு உலோகம்.) தோல் தொழில் கடந்துவந்த பட்டைக் காலம், சல்ஃபைடு காலம், குரோமியக் காலம் ஆகிய மூன்றிலும் அந்தந்தக் காலத்து முக்கியப் பொருளைக் காட்டிக்கொடுக்கும் சோதனைப் பொருளாக இது அமைகிறது. டானினோடு சேர்ந்தால் மங்கிய வெள்ளைப் படிவு, ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் கறுப்பு, குரோமேட்டோடு சேர்ந்தால் பளீர் மஞ்சள். இந்தக் கடைசி மஞ்சள்தான் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து தோலுக்கும் சுவருக்கும் நிறமானது. தெற்காசியாவின் பல சந்தைகளில் உணவு மஞ்சளிலும் கலந்தது.

ஒரு நச்சுப் பொருளைப் பாதுகாப்பாகக் கையாளும் ஒழுங்கு, அதன் நச்சுத்தன்மை தெரிந்தவுடனே வந்துவிடவில்லை. அதை அளந்து பார்த்து, மிகுதியாக இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பும் வலிமை கொண்ட ஒருவர் எங்கே இருந்தாரோ, அங்கேதான் வந்தது. வேலூர்–ஆம்பூர்ப் பகுதியின் சான்றுகளைக் கொண்டு இந்தக் கருத்தை நிறுவுவதே கட்டுரையின் நோக்கம்.

1. பொருளின் இயல்பு

காரீய ஆக்சைடை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து ஆறவிட்டால் காரீய அசிட்டேட் படிகமாகிறது. இந்த ஆக்சைடு தமிழ் மருத்துவ மரபுக்குப் புதிதன்று. நாட்டு மருந்துக் கடைகளில் மிருதார்சிங்கி என்ற பெயரில் விற்கப்படுவது அதுவே. வழக்கமாகக் கிடைக்கும் படிகத்தில் ஒரு மூலக்கூறுக்கு மூன்று நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கும். அதன் மூலக்கூறு எடை 379.3. இதில் காரீயத்தின் பங்கு 54.6 சதவீதம், அதாவது ஒரு கிராம் படிகத்தில் 546 மில்லிகிராம் காரீயம். லேசான வினிகர் வாடை வீசும். சுமார் 75 டிகிரி செல்சியஸில் தன் படிக நீரிலேயே உருகும். காரீயத்தின் பெரும்பாலான உப்புகள் நீரில் எளிதில் கரையாதவை. நன்றாகக் கரையும் சிலவற்றுள் இதுவும் நைட்ரேட்டும் முதன்மையானவை. ஆய்வகத்தில் இதற்குக் கிடைத்த இடத்துக்கும், உடலுக்குள் எளிதில் புகும் இதன் ஆபத்துக்கும் காரணம் ஒன்றே: கரைதிறன்.

இதன் சுவை இனிப்பு. ரோமானியர் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி மதுவுக்கு இனிப்பேற்றியபோது அவர்கள் அறியாமலே உருவானது இந்தச் சேர்மம். 18ஆம் நூற்றாண்டில் மோன்ட்பெலியே நகரின் அறுவை மருத்துவர் தோமா கூலார், காரீய அசிட்டேட் கரைசலை வீக்கத்துக்கும் புண்ணுக்கும் பூசும் மருந்தாகப் பரப்பினார். நரையை மெல்ல மெல்லக் கறுப்பாக்கும் தலைச்சாயங்களில் அண்மைக்காலம் வரை இது இருந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தப் பயன்பாட்டுக்குத் தந்திருந்த ஒப்புதலை விலக்க முடிவெடுத்தது 2018இல்தான். துணிச்சாயத் தொழில் இதை நிறம் பிடிக்கவைக்கும் பொருளாகப் பயன்படுத்தியது.

உடலுக்குள் சென்ற காரீயம் இரத்தச் சிவப்பணுக்களுக்கான ஹீம் உருவாவதைத் தடுக்கிறது. கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நரம்புச் செல்களின் வேலையைக் குலைக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் சேர்ந்தது பல்லாண்டுகள் தங்கும். பெரியவர்களின் குடல் விழுங்கிய காரீயத்தில் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், சிறு குழந்தையின் குடல் பாதி வரை உறிஞ்சிக்கொள்ளும். ஊறு விளைவிக்காத அளவு என ஒன்றை வரையறுக்க முடியாது என்பதே உலக நல்வாழ்வு நிறுவனத்தின் நிலைப்பாடு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் குழந்தைகளுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 3.5 மைக்ரோகிராமைக் கவனத்துக்குரிய எல்லையாக வைத்திருக்கிறது.

2. பட்டைக் காலம்

பாலாற்றுப் படுகையின் தோல் தொழில் ஆவாரம்பட்டையில் வளர்ந்தது. வறண்ட மேட்டு நிலத்தில் தானாக முளைக்கும் ஆவாரையின் பட்டை, கடுக்காய், கொன்னைப்பட்டை இவற்றை ஊறவைத்த நீரில் தோலைக் கிடத்திப் பதனிட்டார்கள். அரைப்பதமான இந்தத் தோல் கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போனது. ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரே ஒரு தரக் குறியாக நின்றது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஊர்களில் தமிழ் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் இத்தொழிலை வளர்த்தன. அருந்ததியர், பறையர் சமூகத்து உழைப்பாளிகள் குழிகளில் இறங்கி வேலை செய்தார்கள்.

பட்டைச் சாற்றில் தோலைப் பதமாக்கும் பொருள் டானின். டானின் உள்ள சாற்றில் சில துளி காரீய அசிட்டேட் விட்டால் கனத்த வீழ்படிவு இறங்கும். தாவர வேதியியல் மாணவர்கள் ஒரு செடியில் டானின் உண்டா என்று பார்க்க இன்றும் செய்யும் முதல் சோதனைகளில் இது ஒன்று. தோல் ஷாப்பில் வேலை செய்த மேஸ்திரிக்கு இது தேவைப்படவில்லை. சாற்றின் நிறமும் துவர்ப்பும், அறுத்துப் பார்த்த தோலின் வெட்டுமுகமும் அவருக்குப் போதுமானவை. அதனால் இக்காலத்தில் காரீயம் வேதியியலாளரின் மேசையோடு நின்றது.

இதற்கு ஒரு விலக்கு மெருகுத் தொழிலில் இருந்தது. பட்டையில் பதனிட்ட தோலின் பழுப்பை வெளுப்பாக்க, அதைக் காரீய அசிட்டேட் கரைசலிலும் பிறகு நீர்த்த கந்தக அமிலத்திலும் தோய்க்கும் முறை மேலை நாட்டுத் தோல் நூல்களில் பதிவாகியுள்ளது. தோலின் மேற்பரப்பில் வெண்மையான காரீய சல்ஃபேட் படிந்து நிறத்தைக் கூட்டியது; கூடவே எடையையும் கூட்டியது. இந்த வெண்மைக்கு ஒரு பகை உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு பட்டால் கறுத்துவிடும். அரைப்பதத் தோலை விற்ற நம் பகுதிக்கு இந்த மெருகு வேலை பெரும்பாலும் வரவில்லை. மெருகு வேலை கடல் கடந்த ஊர்களில் நடந்தது, லாபமும் அங்கேயே சேர்ந்தது.

3. சல்ஃபைடும் கறுக்கும் தாளும்

தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புக் குழியில் பல நாள் ஊறப்போடுவது பழைய முறை. சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடைச் சேர்த்தால் அதே வேலை ஓரிரு நாளில் முடியும். வேகத்தோடு ஒரு ஆபத்தும் குழிக்குள் வந்தது. சுண்ணாம்பின் காரத்தன்மை இருக்கும்வரை சல்ஃபைடு கரைசலிலேயே கிடக்கும். அந்தக் கழிவுநீர் ஊறல் அமிலத்தோடோ அமிலத்தன்மை கொண்ட குரோம் கழிவோடோ கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மேலெழும். தோல் ஷாப்புகளின் கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பெடுக்க இறங்கியவர் மயங்கி விழுவதும், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவதும் இத்தொழில் நடக்கும் நாடுகள் எங்கும் திரும்பத் திரும்ப நடந்த கொடுமை. அழுகிய முட்டை வாடை எச்சரிக்கும் என்று நம்பிவிட முடியாது. செறிவு 100 பிபிஎம் அளவை எட்டும்போது மூக்கு மணமறியும் திறனை இழந்துவிடுகிறது.

இங்கே காரீய அசிட்டேட் காவல் வேலைக்கு வந்தது. அதன் கரைசலில் தோய்த்து உலர்த்திய வடிதாளை நனைத்து வாயு இருக்கும் இடத்தில் காட்டினால், ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் காரீய சல்ஃபைடு உருவாகித் தாள் பழுப்பாகி, பிறகு கறுக்கும். சுண்ணாம்பு நீக்கிய தோலில் சல்ஃபைடு மிச்சமிருக்கிறதா என்று பார்க்கவும் இதே வினை உதவும். தலைச்சாயத்தில் நரையைக் கறுப்பாக்கியதும், வெளுத்த தோலைக் கறுக்கவைத்ததும் இந்த வினையே. சீருடையணிந்த மாணவர்களும் இதை அறிவார்கள். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளின் உப்புப் பகுப்பாய்வில் காரீய அசிட்டேட் தாள் கறுப்பது சல்ஃபைடு அயனிக்குரிய சான்று.

ஆனால் தாள் பயன்பட்டது ஆய்வகத்தில். மனிதர் இறங்கியது தொட்டியில். தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் இரண்டாம் அட்டவணை பணியிடக் காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு எட்டு மணி நேரச் சராசரி எல்லையாக 10 பிபிஎம் என்று வகுத்திருந்தது. எல்லையைச் சட்டம் வகுத்தாலும், இறங்குவதற்கு முன் அளந்து பார்க்கும் பழக்கம் தொட்டியின் விளிம்பு வரை போய்ச் சேர வெகு காலமானது. இன்று நம்பத்தக்கது மின்னணு வாயுமானியே. தாள் வாயு இருப்பதைச் சொல்லும். எத்தனை என்று துல்லியமாகச் சொல்லாது.

4. குரோமியக் காலம்

தோல் பதனிடுதலை மாற்றிய பெரிய கண்டுபிடிப்பு அமெரிக்காவில் நடந்தது. அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் குரோமிய உப்புகளால் இரு கட்டமாகப் பதனிடும் முறைக்கும், மார்ட்டின் டென்னிஸ் 1893இல் ஒரே கட்ட முறைக்கும் காப்புரிமை பெற்றனர். வாரக்கணக்கில் பட்டைச் சாற்றில் கிடந்த தோல், சுழலும் டிரம்முக்குள் ஒரே நாளில் நீலம் பூத்துப் பதமானது. சென்னை மாகாணத்தில் இதைக் கொண்டுவர முயன்றவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன்; 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அரசுச் செலவில் சோதனைகள் நடத்தினார். அடுத்த பத்தாண்டில் சென்னை நகரின் தெற்கே எழுந்த குரோம் தோல் ஆலை ‘குரோம்பேட்டை’ என்ற ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. 1948இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தொழிலுக்கு அறிவியல் அடித்தளம் தந்தது.

இருந்தும் பாலாற்றுப் பகுதி நெடுநாள் ஆவாரம்பட்டையை விடவில்லை. அதை விடவைத்தது அரசின் ஏற்றுமதிக் கொள்கை. சீதாராமையா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி 1970களில் பச்சைத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டு, அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுதாகப் பதனிட்ட தோலும் காலணியும் ஏற்றுமதியாக வேண்டும் என்பது நோக்கம். முன்பு கடல் கடந்து நடந்த மெருகு வேலை இப்போது ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் நடந்தது. லாபம் வந்தது, குரோமியமும் சாயமும் நிறமிகளும் கூடவே வந்தன.

இந்தக் காலத்தின் சான்றாக ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் இன்றும் கிடக்கிறது ஒரு கழிவுமேடு. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் 1970களின் நடுப்பகுதியிலிருந்து சோடியம் பைகுரோமேட்டும் பதனிடும் குரோமிய உப்பும் தயாரித்தது. 1990களின் நடுவில் மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுச்சென்றது. மழை அதை நிலத்தடி நீருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது.

இங்கே ஒரு வேதியியல் வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். தோலைப் பதமாக்கும் குரோமியம் மூவிணைதிறன் கொண்டது; ஒப்பீட்டளவில் நச்சுக் குறைந்தது. பைகுரோமேட்டிலும் அந்தக் கழிவுமேட்டிலும் இருக்கும் ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் ஊக்கி எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதல் பிரிவில் வைக்கப்பட்டது. காரீய அசிட்டேட் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும். பதனிடும் குரோமிய உப்பின் பச்சைக் கரைசலில் விட்டால் மஞ்சள் வராது. அதைக் காரத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடால் குரோமேட்டாக மாற்றி, அமிலப்படுத்திய பின் விட்டால் மஞ்சள் வீழ்படிவு உடனே இறங்கும். மிகக் குறைந்த செறிவுகளை அளக்க ஆய்வகங்கள் டைஃபினைல்கார்பசைடு தரும் ஊதா நிறத்தையே நாடும். ஆனாலும் குரோமேட்டுக்குரிய பாடப்புத்தகச் சான்று அந்த மஞ்சள்தான்.

5. சோதனைக் குழாயின் மஞ்சள் நிறமியாதல்

சோதனைக் குழாயின் அடியில் படியும் அந்த மஞ்சள் காரீய குரோமேட். 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான், சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறக் காரீயக் கனிமம் ஒன்றை ஆராய்ந்து குரோமியம் என்ற தனிமத்தைக் கண்டறிந்தார். அந்தக் கனிமம் இயற்கையான காரீய குரோமேட்டே. அடுத்த நூற்றாண்டில் ‘குரோம் மஞ்சள்’ ஐரோப்பிய ஓவியர்களின் வண்ணப் பலகையில் ஏறியது. விலை குறைவு, மறைக்கும் திறன் மிகுதி, நிறம் பளிச்சென்று நிற்கும். இந்தக் குணங்களால் சாலைக் கோடு, எந்திர வண்ணம், பிளாஸ்டிக், தோலின் மேற்பூச்சு எனப் பரவியது. சோடியம் பைகுரோமேட் தோலைப் பதமாக்கும் உப்புக்கும் இந்த நிறமிக்கும் பொது மூலப்பொருள்.

காரீய குரோமேட் நீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. அதனால் ஆபத்தில்லை என்ற வாதம் நெடுநாள் நிலவியது. வயிற்றின் அமிலமும் நுரையீரலின் ஈரமும் அந்த வாதத்தை ஏற்பதில்லை. எடையில் 64 சதவீதம் காரீயம், 16 சதவீதம் ஆறிணைதிறன் குரோமியம் என இரண்டு நச்சுகளை ஒன்றாக ஏந்திய பொருள் இது. தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலைத் தொடங்கிவைத்தது காரீய நச்சு. குரோமியப் புண்ணும் அதே பட்டியலில் இருந்தது. அதாவது இந்த நிறமியின் இரு கூறுகளையும் இந்தியச் சட்டம் 1948 முதலே தொழில் நோய்க்குக் காரணமாக அறிந்திருந்தது.

ஆனால் தோல் பூச்சிலிருந்து காரீய நிறமிகளை வெளியேற்றியது அந்த அட்டவணை அல்ல. ஜெர்மனி 1989இல் பென்டாகுளோரோஃபீனாலையும், 1990களில் சில அசோ சாயங்களையும் தடை செய்தபோது இந்தியத் தோல் ஏற்றுமதியாளர்கள் முதன்முறையாகச் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் சரக்கு நகராது என்ற நிலைக்கு வந்தார்கள். அமெரிக்கா 2008இல் குழந்தைப் பொருள்களின் வண்ணப்பூச்சில் காரீயத்துக்கு 90 பிபிஎம் என்ற எல்லையைச் சட்டமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் காரீய குரோமேட் நிறமிகளை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்து, 2015 மே 21க்குப் பின் தனி அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்றது. அதே மே மாதம் முதல் தோல் பொருள்களில் ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. ஆம்பூரில் தைத்த காலணி ஹாம்பர்க் கடையில் ஏற வேண்டுமானால், பூச்சில் என்ன இருக்கிறது என்பதற்கு ஆய்வக அறிக்கை வேண்டும். மேற்பூச்சு நிறமிகள் மாறியது அந்த அறிக்கையின் அழுத்தத்தில்.

பாலாற்றுக்காகக் கேட்டது வேறொரு குரல். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற கணக்கு அதில் இடம்பெற்றது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவேற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. ஆனால் 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் உயிரிழந்தனர். 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்று மாசைப் பற்றியே தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. காலணியில் மில்லிகிராம் கணக்கில் பின்பற்றப்பட்ட ஒழுங்கு, ஆற்றின் விஷயத்தில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகியும் வழக்காகவே தொடர்கிறது.

6. கடைத்தெருவும் குழந்தைகளின் இரத்தமும்

காரீயம் இப்பகுதி மக்களின் உடலில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு அரிய சான்று உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் நகரின் குடிசைப் பகுதிக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. 15 மாத வயதிலும் 24 மாத வயதிலும் ஏறக்குறைய 45 சதவீதக் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. 15 மாதத்தில் அளவு மிகுந்திருந்தவர்கள் 24 மாதத்தில் அறிதிறன் சோதனையில் பின்தங்கும் போக்கும் தெரிந்தது. குழாய்க் குடிநீர் உள்ள வீடுகளிலும், மொசைக் அல்லது டைல்ஸ் தரை போட்ட வீடுகளிலும் ஆபத்துக் கூடுதலாக இருந்தது. இது 2000 பிப்ரவரியில் நாடு முழுதும் காரீயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டதற்குப் பிந்திய நிலை. வாகனப் புகை போன பிறகும் காரீயம் வீட்டுக்குள் வேறு வழிகளில் வந்துகொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

அந்த வழிகளில் உணவு மஞ்சளைக் காரணமாக இந்த ஆய்வு காட்டவில்லை. தெற்காசியாவின் பிற ஆய்வுகள் அதைக் காட்டுகின்றன. வங்கதேசத்தில் 1980களின் வெள்ளங்களால் நிறம் மங்கிய மஞ்சளைப் பளிச்சென்று ஆக்கக் காரீய குரோமேட் தூவும் வழக்கம் தொடங்கியதை 2019இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். 2024இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் மஞ்சளைச் சோதித்தது. ஏறக்குறைய 14 சதவீத மாதிரிகளில் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டிய காரீயம் இருந்தது. பாட்னாவில் 1000 மைக்ரோகிராமையும் தாண்டிய மாதிரி கிடைத்தது. காரீயமும் குரோமியமும் ஒன்றுக்கொன்று என்ற அணு விகிதத்தில் சேர்ந்து தென்படுவதே குற்றவாளியை அடையாளம் காட்டியது. மண்ணிலிருந்து ஏறிய காரீயமாக இருந்தால் இந்த விகிதம் வராது.

கலப்படக்காரருக்கு இந்த நிறமி ஏன் வசதி என்பதையும், உண்பவருக்கு ஏன் கேடு என்பதையும் ஒரு சிறு கணக்கு காட்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் மஞ்சளில் அனுமதிக்கும் காரீயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம். ஒரு கிலோ மஞ்சளில் ஒரே ஒரு கிராம் காரீய குரோமேட் கலந்தால் சேரும் காரீயம் 641 மில்லிகிராம். எல்லையைப் போல் 64 மடங்கு. காரீய குரோமேட் சோதனையில் மஞ்சள் ‘இல்லை’ என்று காட்ட வேண்டும் என்பதும் மஞ்சளுக்குரிய தர விதியிலேயே உண்டு. ஆக விதியில் குறையில்லை. சோதனைக்கு வேண்டிய வேதியியலும் பள்ளி அளவிலேயே தெரிந்தது.

லாங் பஜாரிலோ வேறெந்தத் தமிழ்நாட்டுக் கடைத்தெருவிலோ இந்தக் கலப்படம் நடப்பதாக இக்கட்டுரை சொல்லவில்லை. ஈரோடும் சேலமும் பக்கத்திலிருக்க, நல்ல மஞ்சள் கிடைப்பது இங்கே அரிதன்று. கேள்வி வேறு. ஆம்பூர்க் காலணியின் மேற்பூச்சை வாங்குபவர் சோதித்துப் பார்ப்பதுபோல், மண்டியில் இறங்கும் விரலி மூட்டையைச் சோதிக்கும் வாங்குபவர் யார்? கால் கிலோ வாங்கும் குடும்பத்திடம் கருவி இல்லை. மொத்த வியாபாரி கண்ணால் நிறம் பார்க்கிறார், ஒடித்து உள்நிறம் பார்க்கிறார், மணம் பார்க்கிறார். பளபளப்புக்கு விலை கூடுதல் என்ற வழக்கமே கலப்படத்துக்குக் கூலி கொடுக்கிறது. வங்கதேசத்தில் அரசு ஆலைகளைச் சோதித்து, தண்டித்து, மக்களிடம் பரப்புரை செய்தபோது, 2019இல் 47 சதவீதமாக இருந்த கலப்பட மாதிரிகள் 2021இல் சுழியமாயின. அங்கே மாறியது நச்சைப் பற்றிய அறிவன்று. அளப்பவர் சந்தைக்குள் வந்து நின்றார்.

7. கையாளும் ஒழுங்கு

ஆய்வகத்தில் காரீய அசிட்டேட்டைக் கையாளும் நெறிகள் எளியவை. நெறிகளின் ஒவ்வொரு வரிக்கும் பொருளின் இயல்பிலேயே காரணம் உண்டு. தூள் பறக்காதபடி காற்றோட்டமான இடத்தில், முடிந்தால் புகை வெளியேற்றும் பெட்டியில் எடை போட வேண்டும். மூச்சில் புகும் காரீயம் குடல் வழி போவதைவிட எளிதில் இரத்தத்தில் சேரும். கையுறையும் கண்ணாடியும் தேவை. வாயால் பிப்பெட்டில் உறிஞ்சக் கூடாது. இனிப்பானதால் வாயில் பட்டதும் எச்சரிக்கை தோன்றாது. ஆய்வக மேசையில் தேநீரும் தின்பண்டமும் கூடாது. வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவாமல் வெளியேறக் கூடாது. கொதிக்கவைத்து ஆறிய நீரில், சில துளி அசிட்டிக் அமிலம் சேர்த்துக் கரைசலைத் தயாரிக்க வேண்டும். இல்லையெனில் காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து கலங்கிவிடும். கருவுற்றவர்கள் இந்த வேலையிலிருந்து விலகியிருப்பது நல்லது. காரீயம் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையும்.

மிஞ்சியதை வடிகாலில் கொட்டுவதே பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் மிகுதியாக நடக்கும் பிழை. உப்புப் பகுப்பாய்வு நாளில் ஒரு வகுப்பு முழுதும் கழுவி ஊற்றும் காரீய அயோடைடும் காரீய குரோமேட்டும் எங்கே போகின்றன என்று பாடநூல் கேட்பதில்லை. காரீயக் கழிவுகளைப் பெயரெழுதிய தனிக் கொள்கலனில் சேர்க்க வேண்டும். குரோமேட் கலந்ததை அதிலும் தனியாக. சல்ஃபைடு கழிவை அமிலக் கழிவோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. தோல் தொட்டியில் உயிர் பறித்த அதே வாயு இங்கும் எழும். சேர்ந்ததை 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி அனுமதி பெற்ற நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் அத்தகைய நிலையம் கும்மிடிப்பூண்டியில் இயங்குகிறது. பள்ளி அளவில் துளி அளவுச் சோதனைகளும், காரீயத்தைத் தவிர்த்த உப்புப் பட்டியலும் கற்பித்தலுக்கு எந்தக் குறையும் செய்யா.

வீட்டளவில் ஒரு முதற்கட்டச் சோதனை உண்டு. ஒரு கண்ணாடிக் குவளை நீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைத் தூவினால், தூய தூள் மெல்ல அடியில் படிந்து நீரை வெளிறிய மஞ்சளாக்கும். செயற்கை நிறம் சேர்ந்தது அடர்ந்த மஞ்சளை நீரில் விடும். இது சந்தேகத்தை எழுப்பப் போதும், தீர்ப்பு சொல்லப் போதாது. காரீயத்தின் அளவை ஆய்வகக் கருவியே சொல்ல முடியும்.

முடிவுரை

மூன்று காலங்களின் சான்றுகளும் ஒரே திசையில் செல்கின்றன. டானினைக் காட்டிய சோதனைப் பொருள் வேதியியலாளரின் மேசையைத் தாண்டவில்லை. தாண்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. சல்ஃபைடைக் காட்டிய தாள் தொட்டி விளிம்புக்கு வர வேண்டியிருந்தும் தாமதித்தது. இறங்கியவருக்குத் தொட்டியை மறுக்கும் வலிமை இல்லை. குரோமேட்டின் மஞ்சள் தோலில் கட்டுக்குள் வந்தது. ஐரோப்பிய வாங்குபவர் அறிக்கை கேட்டதே காரணம். ஆற்றின் மாசு கட்டுக்குள் வரவில்லை; ஆற்றுநீரை வாங்குபவர் என்று யாரும் இல்லை, வழக்கு மட்டுமே இருந்தது.

இதிலிருந்து பெறப்படும் கொள்கை முடிவு சிக்கலானதன்று. ஏற்றுமதித் தோலுக்காகக் கன உலோகங்களைக் கிலோவுக்கு மில்லிகிராம் அளவில் அளக்கும் திறன் சென்னையின் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இத்தொழிலுக்குப் பணி செய்யும் ஆய்வகங்களிலும் ஏற்கெனவே உள்ளது. குழந்தைகளின் இரத்தக் காரீயத்தை அளந்த மருத்துவக் கல்லூரி வேலூரிலேயே இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறை லாங் பஜார் போன்ற மொத்தச் சந்தைகளில் மஞ்சள் பருவத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, முடிவுகளை மண்டியின் பெயரோடு வெளியிடுமானால், பளபளப்புக்குக் கிடைக்கும் கூடுதல் விலை நேர்மையான சரக்குக்கு மாறும். நல்ல மஞ்சள் விற்கும் வியாபாரிக்கே அதில் முதல் லாபம். ஹாம்பர்க் வாடிக்கையாளரின் காலுக்குச் செய்யும் சோதனையை வேலூர்க் குழந்தையின் வயிற்றுக்கும் செய்வதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. கேட்கும் உரிமை கொண்ட வாங்குபவராக அரசு சந்தைக்குள் நுழைய வேண்டும்.